‘ஃபாக்ஸ்கான்’ என்று தேடினால் வேறு கம்பெனி வருகிறதே, ஏன்? வெளிநாட்டுப் பங்குகளின் டிக்கரைப் படிப்பது எப்படி?

2024 அக்டோபர் 15. சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஒரே நாளில் இரண்டு செய்திகள். இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் ஐபிஓ அன்று காலை பொதுமக்களுக்குத் திறந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 37 நாள் நடந்த வேலைநிறுத்தம் அன்றுதான் முடிவுக்கு வந்தது.

அந்த வாரம் இந்தப் பக்கம் பலரும் போனில் ஒரு வேலை செய்திருப்பார்கள். டிரேடிங் ஆப்பைத் திறந்து “ஹூண்டாய்” என்று தேடியிருப்பார்கள். அப்படியே “சாம்சங்”, “ஃபாக்ஸ்கான்”, “ரெனோ” என்றும் தட்டிப் பார்த்திருப்பார்கள். சிலவற்றுக்கு ஒன்றுமே வராது. சிலவற்றுக்கு ஐந்தாறு வரிகள் வரும்; ஒன்றில் வெறும் எண், ஒன்றில் புள்ளி, ஒன்றில் கோலன்.

இதில் எது நம்ம ஊர் கம்பெனி? எதை நம்பிக் காசு போடுவது? கம்பெனியே கொடுத்த பங்கு கையில் இருந்தால், அதன் மதிப்பை எந்த வரியைப் பார்த்துக் கணக்குப் போடுவது? சிம்பிளாகப் பார்ப்போம்.

(சின்னக் குறிப்பு: குறியீடுகளின் ஆங்கில எழுத்துகளை இங்கே தமிழில் ஒலிப்படி கொடுத்திருக்கிறோம். ஆப்பில் தேடும்போது ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்.)

டிக்கர் என்றால் என்ன?

பங்குச்சந்தையில் ஒரு பங்குக்கு வைக்கப்படும் சுருக்கப் பெயர்தான் டிக்கர். 1867-ல் அமெரிக்காவில் எட்வர்ட் கலஹன் என்பவர் தந்தி வழியாகப் பங்கு விலையை நீளமான காகித நாடாவில் அச்சிடும் இயந்திரத்தை உருவாக்கினார். அது “டிக் டிக்” என்று சத்தம் போட்டதால் வந்த பெயர் இது. நாடாவில் முழுப்பெயர் அடிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் ஓரிரு எழுத்துகளில் சுருக்கினார்கள். இயந்திரம் போய்விட்டது, பழக்கம் நிலைத்துவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், உலகம் முழுக்க ஒரே டிக்கர் முறை கிடையாது. ஒவ்வொரு பங்குச்சந்தையும் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது.

- இந்தியாவின் என்எஸ்இ: எழுத்துகள், அதிகபட்சம் 10. ஒரகடத்தில் டயர் ஆலை வைத்திருக்கும் அப்போலோ டயர்ஸின் குறியீடு “அப்போலோடயர்” (கடைசி ‘எஸ்’ இல்லாமல்). எண்ணிப் பார்த்தால் ஆங்கிலத்தில் சரியாக 10 எழுத்து.
- பிஎஸ்இ: ஆறு இலக்க எண். அதே அப்போலோ இங்கே 500877.
- தென் கொரியா: ஆறு இலக்க எண். ஹூண்டாய் மோட்டார் 005380, சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் 005930.
- தைவான்: பெரும்பாலும் நான்கு இலக்கம். ஃபாக்ஸ்கானின் தாய் நிறுவனம் ஹான் ஹாய் 2317.
- ஜப்பான்: நான்கு இடம். நிசான் 7201, ஒரகடத்தில் ஆலை உள்ள கொமாட்சு 6301. எண்கள் தீர்ந்துவருவதால் 2024 முதல் புதிதாக வரும் கம்பெனிகளுக்கு “130ஏ” மாதிரி எழுத்து கலந்தும் தருகிறார்கள்.
- பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட், நியூயார்க்: எழுத்துகள். ரெனோ என்றால் “ஆர்என்ஓ”. ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி தயாரிக்கும் டைம்லர் ட்ரக் என்றால் “டிடிஜி”.

நம்ம காரிடாரில் எது லிஸ்ட் ஆகியிருக்கிறது, எது ஆகவில்லை?

இது முதலில் தெளிவாக வேண்டும். நம் கண்ணுக்கு முன்னால் நிற்கும் ஆலையும், சந்தையில் விற்கும் பங்கும் ஒன்றல்ல.

ஹூண்டாய் மோட்டார் இந்தியா 2024 அக்டோபர் 22-ல் லிஸ்ட் ஆனது. ரூ.27,870 கோடி திரட்டிய அந்த ஐபிஓ, அதுவரை இந்தியா பார்த்ததிலேயே பெரியது. ஊழியர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு ரூ.186 தள்ளுபடியும் இருந்தது. என்எஸ்இ-யில் “ஹூண்டாய்”, பிஎஸ்இ-யில் 544274. ஆனால் இது இந்தியக் கிளையின் பங்கு மட்டும். கொரியாவில் இருக்கும் 005380 தாய் நிறுவனத்தின் பங்கு. ஒன்று ரூபாயில், மற்றொன்று கொரிய வோனில். இரண்டின் லாபம் வேறு, டிவிடெண்ட் வேறு, விலைப்போக்கு வேறு. ஐபிஓ முழுக்க ‘ஆஃபர் ஃபார் சேல்’ என்பதால், திரட்டிய பணம் போனதும் கொரியத் தாய் நிறுவனத்துக்குத்தான்.

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு பைக் தயாராகிறது. ஆனால் சந்தையில் “ராயல் என்ஃபீல்டு” என்று ஒரு பங்கு இல்லை. அதன் உரிமையாளர் ஐஷர் மோட்டார்ஸ். பிஎஸ்இ எண் 505200.

சாம்சங்கின் இந்தியப் பிரிவு இங்கே லிஸ்ட் ஆகவில்லை. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் அசெம்பிள் செய்யும் ஃபாக்ஸ்கானின் இந்திய நிறுவனமும் லிஸ்ட் ஆகவில்லை. அதே குழுமத்தின் பாரத் எஃப்ஐஹெச் 2021 டிசம்பரில் சுமார் ரூ.5,000 கோடி ஐபிஓ-வுக்கு விண்ணப்பித்தது. செபி ஒப்புதல் கிடைத்தும் அது சந்தைக்கு வரவில்லை. ஒரகடம் ரெனோ - நிசான் ஆலையும் தனியார் நிறுவனம்தான். அதில் நிசான் வைத்திருந்த 51 சதவீதத்தை ரெனோவே வாங்கிக்கொள்வதாக 2025-ல் ஒப்பந்தம் ஆனது.

அதாவது, இந்தக் காரிடாரின் பெரிய பெயர்கள் பலவற்றின் பங்கை வாங்க வேண்டும் என்றால் சியோல், தைபே, டோக்கியோ, பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் சந்தைகளைத்தான் பார்க்க வேண்டும். டிக்கர் குழப்பம் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

ஒரே பங்கு, ஏன் இத்தனை விதமாக எழுதுகிறார்கள்?

7201 என்ற எண்ணை ஜப்பானில் சொன்னால் நிசான். அதே நான்கு இலக்க முறை தைவானிலும் உண்டு, ஹாங்காங்கிலும் உண்டு. ஒரே எண் மூன்று ஊரில் மூன்று கம்பெனியைக் குறிக்கலாம். எனவே டிக்கரோடு “எந்தச் சந்தை” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை எங்கே, எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் ஒவ்வொரு தளமும் ஒரு வழி வைத்திருக்கிறது. ஹூண்டாயின் கொரியப் பங்கையே எடுத்துக்கொள்வோம்.

- யாகூ ஃபைனான்ஸ்: எண் முதலில், புள்ளி, பிறகு சந்தை. 005380.கேஎஸ்
- கூகுள் ஃபைனான்ஸ்: அப்படியே தலைகீழ். சந்தை முதலில், கோலன், பிறகு எண். கேஆர்எக்ஸ்:005380
- ப்ளூம்பெர்க்: இடைவெளி விட்டு. 005380 கேஎஸ்

சந்தையின் சுருக்கமும் தளத்துக்குத் தளம் மாறும். தைவானுக்கு யாகூ “டிடபிள்யூ” என்று போடும், ப்ளூம்பெர்க் “டிடி” என்று போடும், கூகுள் “டிபிஇ” என்று போடும். ஜப்பானுக்கு யாகூவில் வெறும் “டி”; ப்ளூம்பெர்க்கில் “ஜேபி”. நம்ம என்எஸ்இ-க்கு யாகூவில் “என்எஸ்”, பிஎஸ்இ-க்கு “பிஓ”.

எனவே யூடியூபில் ஒருவர் காட்டிய டிக்கரை அப்படியே உங்கள் ஆப்பில் போட்டு “கிடைக்கவில்லை” என்று வந்தால், பங்கு இல்லை என்று அர்த்தமில்லை. எழுதும் முறை மாறியிருக்கலாம்.

சின்னச் சின்னக் குறிகளும் வேலை காட்டும். அமெரிக்காவில் பெர்க்ஷயர் ஹாதவேயின் ‘பி’ வகைப் பங்கை “பிஆர்கே.பி” என்று புள்ளி வைத்து எழுதுவார்கள். யாகூவில் புள்ளி என்றால் சந்தை என்று அர்த்தம். அதனால் அங்கே “பிஆர்கே-பி” என்று கோடு போட வேண்டும். மஹிந்திரா அண்ட் மஹிந்திராவின் என்எஸ்இ குறியீட்டில் ‘&’ இருக்கிறது. இணைய முகவரியில் அந்தக் குறிக்கு வேறு வேலை உண்டு. அதனால் விலையைத் தானாக எடுக்க ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் அதை மாற்றி எழுதாவிட்டால் முகவரி பாதியிலேயே வெட்டுப்படும்.

எக்செல் தின்னும் பூஜ்ஜியம்

கொரியப் பங்கை எக்செலில் போட்டுவைக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டுவது இதில்தான். 005380 என்று டைப் செய்து என்டர் தட்டினால் எக்செல் அதை எண் என்று நினைத்து, முன்னால் இருக்கும் இரண்டு பூஜ்ஜியத்தையும் எடுத்துவிட்டு 5380 என்று வைத்துக்கொள்ளும். சாம்சங் 5930 ஆகிவிடும். கொரியாவில் நான்கு இலக்கக் குறியீடே இல்லை. விலை வராது, அல்லது சந்தைப் பின்னொட்டு இல்லாமல் தேடினால் வேறு நாட்டுப் பங்கு வந்து நிற்கும்.

தீர்வு எளிது. செல்லை முதலில் ‘டெக்ஸ்ட்’ ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள். பூஜ்ஜியம் தப்பிக்கும்.

கடைசி இலக்கமும் முக்கியம். 005930 சாம்சங்கின் சாதாரணப் பங்கு. 005935 அதன் முன்னுரிமைப் பங்கு. ஹூண்டாய்க்கு 005385, 005387, 005389 என்று மூன்று முன்னுரிமைப் பங்குகள் இருக்கின்றன. ஒரே ஒரு இலக்கம் மாறினால் வாக்குரிமை, டிவிடெண்ட், விலை மூன்றுமே வேறு.

பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

*ஃபாக்ஸ்கான்:* அந்தப் பெயரில் தேடினால் தைவானில் 2354 என்ற பங்கு வரும். ‘ஃபாக்ஸ்கான் டெக்னாலஜி’ என்பது அதன் பெயர். அது அந்தக் குழுமத்தைச் சேர்ந்த தனி நிறுவனம். நாம் ஃபாக்ஸ்கான் என்று சொல்லும் அந்தப் பெரிய நிறுவனத்தின் பதிவுப் பெயர் ஹான் ஹாய் பிரிசிஷன் இண்டஸ்ட்ரி, அது 2317. போதாக்குறைக்கு ஷாங்காயில் ‘ஃபாக்ஸ்கான் இண்டஸ்ட்ரியல் இன்டர்நெட்’ (601138), ஹாங்காங்கில் ‘எஃப்ஐஹெச் மொபைல்’ (2038) என்று உறவுக்காரர்கள் வேறு.

*பாரத்பென்ஸ்:* பெயரில் ‘பென்ஸ்’ இருக்கிறது என்று மெர்சிடிஸ் பென்ஸ் பங்கை (எம்பிஜி) பார்த்தால் தப்பு. 2021 டிசம்பரில் லாரித் தொழில் தனியாகப் பிரிந்து டைம்லர் ட்ரக் ஆகிவிட்டது. ஒரகடம் ஆலை அதனுடையது, டிக்கர் ‘டிடிஜி’. 2022 பிப்ரவரியில் பழைய டைம்லர் நிறுவனம் ‘மெர்சிடிஸ் பென்ஸ் குரூப்’ என்று பெயர் மாற்றியபோது ‘டிஏஐ’ என்ற பழைய டிக்கர் ‘எம்பிஜி’ ஆனது.

*யமஹா:* வல்லம் வடகாலில் பைக் தயாரிப்பது யமஹா மோட்டார் (7272). பியானோவும் கிட்டாரும் தயாரிப்பது யமஹா கார்ப்பரேஷன் (7951). இரண்டும் ஜப்பானில் தனித்தனியாக லிஸ்ட் ஆனவை.

“இதெல்லாம் யார் கன்ஃபியூஸ் ஆவார்கள்?” என்று தோன்றலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கி எல்லோரும் ஜூம் மீட்டிங்கில் உட்கார்ந்தபோது, ‘ஜூம் டெக்னாலஜிஸ்’ என்ற சம்பந்தமே இல்லாத கம்பெனியின் பங்கு எகிறியது. காரணம், அதன் டிக்கர் ‘ஜூம்’. உண்மையான ஜூமின் டிக்கர் ‘இசட்எம்’. கடைசியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமே அந்தப் பங்கின் வர்த்தகத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. இங்கேயும் நடந்தது. 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்தபோது ‘பாம்பே ஆக்சிஜன் இன்வெஸ்ட்மென்ட்ஸ்’ பங்கு ஏறிக்கொண்டே போனது. அந்தக் கம்பெனி ஆக்சிஜன் தொழிலை 2019-லேயே விட்டுவிட்டது.

விலை சரிதானா? இந்த மூன்றைப் பாருங்கள்

*1. நேரடிப் பங்கா, டெபாசிட்டரி ரசீதா?* வெளிநாட்டுப் பங்கை வங்கி ஒன்று வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக வேறொரு சந்தையில் விற்கும் ரசீது இது. ஒரு ரசீது என்றால் ஒரு பங்கு என்று நினைக்காதீர்கள். லண்டனில் விற்கும் ஒரு சாம்சங் ரசீது 25 சாதாரணப் பங்குக்குச் சமம். அமெரிக்காவில் விற்கும் ஒரு நிசான் ரசீது 2 பங்கு. சாம்சங் ரசீதின் விலையை ஒரு பங்கின் விலை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு 25 மடங்கு தப்பும்.

*2. கடைசி எழுத்து என்ன?* அமெரிக்காவின் ஓடிசி சந்தையில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஐந்தெழுத்து டிக்கர் உண்டு. அது ‘ஒய்’ என்று முடிந்தால் டெபாசிட்டரி ரசீது. ‘எஃப்’ என்று முடிந்தால் வெளிநாட்டுச் சாதாரணப் பங்கு. நிசானுக்கு ‘என்எஸ்ஏஎன்ஒய்’. இந்தச் சந்தையில் சில பங்குகளை வாங்க, விற்க ஆளே அதிகம் இருக்காது. திரையில் தெரியும் விலை பழையதாகக்கூட இருக்கலாம்.

*3. எந்தப் பணம்?* லண்டனில் பெரும்பாலான உள்ளூர்ப் பங்குகளின் விலை பவுண்டில் இல்லை, பென்ஸில் இருக்கும். திரையில் 350 என்று இருந்தால் மூன்றரை பவுண்டு. கவனிக்காமல் 350 பவுண்டு என்று ரூபாய்க்கு மாற்றினால் நூறு மடங்கு பிழை. அதே லண்டனில் சாம்சங் ரசீது மட்டும் டாலரில் விலை காட்டும். ஊரைப் பார்த்துப் பணத்தை முடிவு செய்யக்கூடாது.

குழப்பமே இல்லாத அடையாளம் ஒன்று உண்டா?

உண்டு. ஐசின். ஒவ்வொரு பங்குக்கும் உலக அளவில் தரப்படும் 12 இடக் குறியீடு. உங்கள் டீமேட் அறிக்கையில் ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

முதல் இரண்டு எழுத்து நாடு. அடுத்த ஒன்பது இடம், அந்த நாட்டில் அந்தப் பங்குக்குத் தந்த அடையாளம். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண்; நடுவில் ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தால் கணக்கு இடித்து, கணினி கண்டுபிடித்துவிடும்.

கொரிய ஹூண்டாயின் ஐசின் ‘கேஆர்7005380001’. உற்றுப் பாருங்கள், நடுவில் 005380 அப்படியே இருக்கிறது. ஹான் ஹாயின் ஐசின் ‘டிடபிள்யூ0002317005’. அதற்குள் 2317. ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் ஐசினோ ‘ஐஎன்’ என்று ஆரம்பிக்கும். முதல் இரண்டு எழுத்திலேயே இந்தியப் பங்கா, கொரியப் பங்கா என்று தெரிந்துவிடும்.

ஆனால் டிக்கரும் ஐசினும் எப்போதும் சேர்ந்தே மாறுவதில்லை. டைம்லர் பெயர் மாற்றியபோது டிக்கர் மாறியது, ஐசின் மாறவில்லை. ஐஷர் மோட்டார்ஸ் 2020 ஆகஸ்டில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தபோது டிக்கர் மாறவில்லை, ஐசின் மாறியது. இன்னொன்று: ஒரே பங்கு எத்தனை சந்தையில் விற்றாலும் ஐசின் ஒன்றுதான். எந்தச் சந்தை, எந்தப் பணம் என்பதை அது சொல்லாது. டெபாசிட்டரி ரசீதுக்கு மட்டும் தனி ஐசின்.

ஆக, “எந்தப் பங்கு?” என்ற கேள்விக்கு ஐசின். “எங்கே, என்ன விலை?” என்ற கேள்விக்கு டிக்கர். இரண்டும் வேண்டும்.

இதெல்லாம் சம்பளக்காரருக்கு எதற்கு?

ஒரகடத்தில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் இன்ஜினீயர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். தாய் நிறுவனத்தின் பங்கு கொஞ்சம் அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஐரோப்பியச் சந்தையில் லிஸ்ட் ஆன பங்கு. அது சும்மா ஒரு கணக்கில் கிடக்கிறது, அவர் விற்கவும் இல்லை.

விற்காவிட்டாலும் வருமான வரிப் படிவத்தில் ‘எஃப்ஏ’ என்ற வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்டியே ஆக வேண்டும். ஐடிஆர்-1 படிவம் போடக்கூடாது. அந்த அட்டவணை நிதியாண்டைப் பார்ப்பதில்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையான நாட்காட்டி ஆண்டைப் பார்க்கிறது. வாங்கியபோது இருந்த மதிப்பு, அந்த ஆண்டில் தொட்ட உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு என எல்லாவற்றையும் ரூபாயில் எழுத வேண்டும்.

அந்த உச்ச விலையை அவர் எங்கே தேடுவார்? போனில்தான். அங்கே அமெரிக்க ரசீதின் டாலர் விலையை எடுத்து, கையில் உள்ள ஐரோப்பியப் பங்கின் எண்ணிக்கையோடு பெருக்கினால், எழுதும் தொகையே தப்பு. வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாமல் விட்டாலோ, தவறாகக் காட்டினாலோ 2015-ன் கறுப்புப் பணச் சட்டப்படி ரூ.10 லட்சம் அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், நிலம், வீடு தவிர்த்த சொத்துகள் மொத்தம் ரூ.20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அட்டவணையில் காட்டும் கடமைக்கு விலக்கு இல்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம்.

ஆர்டர் போடும் முன் அரை நிமிடம்

- கம்பெனியின் பதிவுப் பெயர் என்ன? பிராண்டு பெயரை நம்பாதீர்கள்.
- ஐசின் எந்த நாட்டு எழுத்தில் ஆரம்பிக்கிறது?
- எந்தச் சந்தை? பின்னொட்டோ முன்னொட்டோ இருக்கிறதா?
- சாதாரணப் பங்கா, முன்னுரிமையா, ரசீதா? ரசீது என்றால் எத்தனை பங்குக்கு?
- விலை எந்தப் பணத்தில்? பவுண்டா, பென்ஸா?
- எக்செலில் போட்டிருந்தால் பூஜ்ஜியம் இருக்கிறதா?

தினமும் நாம் கடந்து போகும் ஆலை வாசலில் ஒரு பெயர்ப் பலகை இருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு பங்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் அது வேறு கம்பெனியாக இருக்கலாம். பெயர்ப் பலகையைப் பார்த்துப் பங்கு வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஜூம்’ வாங்கினவர்களே சாட்சி. வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அதற்கு முன்னால், வாங்குவது எதை என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.